வாத்து நீக்கப் படிவம்

என் மனைவி சுகந்தி கடைசியாகப் பேசி வைத்ததை, அவள் இறந்து பதினான்கு மாதங்கள் கழித்து, ஒரு வாத்தின் துணையோடுதான் நான் கேட்க நேர்ந்தது. வாத்துக்குச் சட்டம் பொறுப்பு. மற்ற எல்லாவற்றுக்கும் நான்தான் பொறுப்பு.

ஆபரேஷனுக்கு முதல் நாள் அவள் என்னிடம், "ஒண்ணு பேசி வெக்கப் போறேன். நான் வரலைன்னா கேளுங்க. வந்துட்டா கேக்கக் கூடாது" என்று சொன்னாள். அவள் வரவில்லை. எதையும் வலையில் ஏற்றி வைப்பதில் அவளுக்கு நம்பிக்கை கிடையாது. அடுத்தவர் வீட்டு பீரோவில் நம் துணியை வைப்பதுபோல என்பாள். ஊரெல்லாம் விட்டொழித்த பிறகும் ஒரு ஹார்டு டிஸ்க்கை வைத்துக்கொண்டு, எல்லாவற்றையும் அதில்தான் போடுவாள். ஆஸ்பத்திரிக்கும் அதைத் தன் டேப்லெட்டோடு எடுத்துப் போயிருந்தாள். காரியங்கள் முடிந்து அதைத் திறந்து பார்த்தபோது 'அவருக்கு' என்ற பெயரில் ஒரு ஒலிக் கோப்பு இருந்தது. நான் கேட்கவில்லை. கேட்டுவிட்டால் அவள் எனக்குச் சொல்வதற்குப் புதிதாக எதுவும் பாக்கி இருக்காது. கேட்காதவரை ஒன்று பாக்கி இருக்கிறது. இதை யாரிடமும் விளக்க முடியாது என்பதால், "தலைத்திவசம் முடியட்டும், கேட்கிறேன்" என்று சொல்லிவந்தேன்.

இதில் என் மகள் மகிழினிக்கு ஒரு சங்கடம் இருந்தது. ஓசூரில் இருக்கும் அவள், நான் திருச்சியில் தனியாக இருப்பதை ஒப்பவில்லை. வாரா வாரம் கூப்பிடுவாள். நானும் வாரா வாரம் ஒரே பதிலைச் சொல்லுவேன்: "உங்கம்மா அதுல என்ன சொல்லியிருக்காளோ அதன்படி செய்யறேன்." அது ஒரு வருடத்துக்குத் தாங்கிய பதில். சுகந்தியின் தம்பி குணசீலனும், கரூரில் தன் கொய்யாத் தோப்புக்கு வந்துவிடும்படி என்னைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தான். அவனுக்கும் அதே பதில்.

தலைத்திவசம் முடிந்தது. தீட்டுக் கழிந்து வீட்டில் கொண்டாடலாம் என்று வந்த முதல் பண்டிகை ஆயுத பூஜை. விஜயதசமி அன்று காலை நல்ல நேரத்தில் கேட்டுவிடுவது என்று முடிவு செய்தேன். சுகந்தி இருந்தபோது பூஜை வேலை முழுக்க அவளுடையது. மிக்ஸி, தையல் மெஷின், கத்தரிக்கோல், ரத்தக் கொதிப்புப் பார்க்கும் கருவி என்று எதையும் விடமாட்டாள், எல்லாவற்றுக்கும் அளவாக ஒரு பொட்டு வைப்பாள். எனக்கு அளவு தெரியவில்லை. வீடு கூட்டும் இயந்திரத்துக்கு நான் வைத்த பொட்டு அதன் கண்ணை மறைத்துவிட்டது. அது அன்று முழுவதும் கட்டிலுக்கடியில் முட்டிக்கொண்டு, "வழி தெரியவில்லை, உதவவும்" என்று சொல்லிக்கொண்டிருந்தது. ஹார்டு டிஸ்க்குக்குத் தாராளமாகச் சந்தனம் பூசினேன். அதில் கொஞ்சம் கேபிள் செருகும் ஓட்டைக்குள் போயிருக்க வேண்டும்.

மறுநாளுக்கு எல்லாம் சரியாக இருக்கிறதா பார்க்கலாம் என்று டிஸ்க்கைக் கணினியில் செருகினேன். திரையில் நாலைந்து வரியில் ஏதோ கேட்டது. கீழே பச்சையில் ஒரு பொத்தான், சாம்பல் நிறத்தில் ஒரு பொத்தான். சரஸ்வதி பூஜை அன்று படிக்கக் கூடாது என்பது எங்கள் வீட்டில் கறாரான விதி. புத்தகங்களெல்லாம் பூஜையில் இருந்தன. என் கண்ணாடியும் பொட்டோடு அவற்றின் மேல் இருந்தது. ஆகவே படிக்காமல், மங்கலமாகத் தெரிந்த பச்சையை அழுத்தினேன்.

டிஸ்க் காலியாகத் திறந்தது. டிஸ்க்கில்தான் கோளாறு என்று நினைத்து, அதைச் சோதிப்பதற்காக எங்கள் அடுக்ககத்தின் எட்டு வீட்டுக் கொலு வீடியோவையும் அதில் ஏற்றிப் பார்த்தேன். ஏறியது. நம்பிக்கை வராமல் மறுபடியும் ஏற்றினேன். மொத்தம் ஐந்து தடவை.

விஷயம் புரிந்தபோது மகிக்குப் போன் செய்தேன். நடந்ததைச் சொன்னேன்.

"அப்பா, வேணும்னு பண்ணீங்களா?"

"நான் ஏம்மா அப்படிப் பண்ணப் போறேன்?"

"ஓசூர் வர வேண்டாம்னுதான்."

"பச்சையா இருந்துச்சு, அழுத்திட்டேன்."

"முப்பத்தோரு வருஷம் காவிரில தண்ணி எவ்வளவு போகுதுன்னு சென்டிமீட்டர் விடாம எழுதின மனுஷன், என்ன ஏதுன்னு படிக்காம அழுத்தினீங்களா?"

"சரஸ்வதி பூஜைம்மா."

அவள் போனை வைத்துவிட்டாள். மகி கோபத்தில் கத்துகிறவள்தான். சத்தமில்லாமல் வைத்தது அதுதான் முதல் தடவை. அவள் நம்பவில்லை. அவள் இடத்தில் நான் இருந்தாலும் நம்பியிருக்க மாட்டேன்.

சத்திரம் பேருந்து நிலையத்துக்குப் பின்னால், ஒரு மாடியில் பெனாசிர் என்கிற பெண்மணி தகவல் மீட்புக் கடை வைத்திருந்தார். நாற்பது வயது இருக்கும். டிஸ்க்கை வாங்கி மூக்கருகே கொண்டுபோனார்.

"சந்தனமா சார்?"

"ஆயுத பூஜை."

"நீங்க இந்த வாரத்துல பதினோராவது ஆளு. நேத்து ஒருத்தர் எலுமிச்சம்பழத்தை சர்வர் மேல வெச்சு நசுக்கிட்டு வந்தார். சரி, ஸ்க்ரீன்ல என்ன கேட்டுச்சு?"

"படிக்கல. அன்னிக்குப் படிக்கக் கூடாது."

"படிக்கக் கூடாது. ஆனா அழுத்தலாம்."

"அதுக்கு விதி எதுவும் இல்லையே."

பெனாசிர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு பொறுமையாக விளக்கினார். "ஃபார்மட் அடிச்சா பைல் போயிடாது சார். புஸ்தகத்துல முதல் பக்கம் இருக்குமே, எது எந்தப் பக்கத்துலன்னு, அதைக் கிழிச்சிப் போட்ட மாதிரி. உள்ள எல்லாம் அப்படியே கிடக்கும். எடுத்துடலாம். ஆனா அதுக்கு மேல வேற எதையாவது எழுதினாதான் சிக்கல். எதுவும் எழுதலையே?"

"எட்டு வீட்டுக் கொலு. அஞ்சு தடவை."

அவர் டிஸ்க்கை மெதுவாக மேசைமேல் வைத்தார்.

மிச்சம் கிடைப்பதை எடுத்து, கொலு விழுந்த இடங்களை 'இட்டுநிரப்பி' என்கிற இயந்திரம் மூலம் நிரப்பலாம் என்றார். இப்போது எல்லோருக்கும் தெரிந்த இயந்திரம்தான் அது. ஒருவருடைய பழைய பேச்சுகளைக் கேட்டுவிட்டு, விட்டுப்போன இடத்தில் அவர் என்ன சொல்லியிருப்பார் என்று ஊகித்து, அவர் குரலிலேயே சொல்லும். அது வந்த புதிதில் இறந்துபோனவர்கள் கண்டபடி பேச ஆரம்பித்ததால்தான் சட்டம் வந்தது. ஊகித்துச் சொல்லும் ஒவ்வொரு சொல்லுக்கும் முன்னால் அடையாள ஒலியாக ஒரு வாத்து கத்த வேண்டும். நம்பிக்கை எண்பது சதவீதத்துக்குக் கீழே என்றால் சொல்லே வரக் கூடாது, ஒலி மட்டும்தான் வரலாம்.

"அதுக்கு ஏங்க வாத்து?" என்று கேட்டேன்.

"கமிட்டி போட்டு ஒரு வருஷம் பேசினாங்க சார். மணியடிச்சா சாமி சொன்ன மாதிரி ஆயிடுமாம். காக்கா வெச்சுப் பார்த்தாங்க. முன்னோர் வந்துட்டாங்கன்னு ஜனங்க கம்ப்யூட்டர் முன்னாடி சோறு வெச்சாங்க. குயில் போட்டா, கேக்க நல்லா இருக்குன்னு ஊகத்தையே நம்ப ஆரம்பிச்சுட்டாங்க. வாத்துன்னா யாருக்கும் எந்த மரியாதையும் இல்ல. அதான்."

நாங்களும் அலுவலகத்தில் அப்படித்தான். வெள்ளத்தில் அளவுகோல் மூழ்கிய நாட்களில் நீர்மட்டத்தை ஊகித்து எழுதினால், எண்ணைச் சுற்றி ஒரு வட்டம் போடுவோம். வட்டம் போடாமல் எழுதிய ஒருவனை இடமாற்றம் செய்தார்கள். ஆகவே எனக்கு இந்தச் சட்டம் பிடித்திருந்தது, கேட்கும்வரை.

நான்கு நாள் கழித்துப் போட்டுக் காட்டினார்.

"ஏங்க, நான்தான். குவாக். இன்னும் கொஞ்ச நேரத்துல கூட்டிட்டுப் போயிடுவாங்க. பயமெல்லாம் குவாக் இல்ல. நேத்து ராத்திரி குவாக் இட்லி குடுத்தாங்க, கல்லு மாதிரி. குவாக் குவாக். நான் வரலைன்னா நீங்க குவாக் இருங்க. அதான் எனக்கு நிம்மதி."

அதோடு நின்றது. பதினான்கு மாதம் காத்த குரல். கண் கலங்கிய அதே சமயத்தில் எனக்குச் சிரிப்பும் வந்துவிட்டது. பெனாசிர் நாகரிகமாக ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"'நீங்க'ளுக்கும் 'இருங்க'வுக்கும் நடுவுல என்ன?" என்று கேட்டேன்.

"அந்த இடத்துல நாலாவது வீட்டுச் சுண்டல் விழுந்திருக்கு சார். மெஷின் என்ன நினைக்குதுன்னு பாருங்க." திரையைத் திருப்பினார். முதலிடத்தில் எழுபத்தோரு சதவீதத்தோடு 'சும்மா' என்று இருந்தது.

நான் வரலைன்னா நீங்க சும்மா இருங்க. அதான் எனக்கு நிம்மதி.

"இது எங்கிருந்து வந்துச்சு?"

"டிஸ்க்ல இருந்து மீட்ட அம்மாவோட பழைய வீடியோ எல்லாம் கேட்டுச்சு சார். உங்களைப் பார்த்து அதிகமா சொன்ன வார்த்தை அதான்."

மறுக்க முடியவில்லை. ஆனால் அவள் சொல்ல வந்தது ஓர் இடத்தின் பெயர் என்பது எனக்கு நிச்சயம். மகி வீட்டுல இருங்க. நம்ம வீட்டுலயே இருங்க. குணாகிட்ட இருங்க. இந்த மூன்றில் ஒன்று. என் மிச்ச நாட்கள் எங்கே என்று தீர்மானிக்கும் சொல்லின் மேல் ஒரு வாத்து உட்கார்ந்திருந்தது.

அதை எழுப்புவதற்கும் வழி வைத்திருந்தார்கள். நெருங்கியவர்கள் குரல்சாட்சி சொல்லலாம். ஆளுக்கு இருபது நிமிடம், ஒரு கண்ணாடி அறையில் உட்கார்ந்து, அவர் எப்படிப் பேசுவார், என்ன நினைப்பார் என்று சொன்னால் இயந்திரம் அதையும் கணக்கில் எடுத்துக்கொள்ளும். கடைசியில் சாட்சி சொன்ன எல்லோரும் ஒப்புக்கொண்டு ஒன்பதாம் எண் படிவத்தில் கையெழுத்துப் போட்டால் வாத்தை எடுத்துவிடுவார்கள். அதன் பிறகு அது அவர் சொன்னதாகவே ஆகிவிடும். படிவத்தின் பெயரே 'வாத்து நீக்க ஒப்புதல்'.

சனிக்கிழமை மகி ஓசூரிலிருந்து வந்தாள். என்னிடம், "சாப்டீங்களா?" என்று மட்டும் கேட்டாள். குணசீலன் கரூரிலிருந்து ஒரு பை கொய்யாவோடு வந்து, பெனாசிரிடம் பாதியைக் கொடுத்தான்.

"சாட்சிக்கு லஞ்சமா மாப்ள?" என்றேன்.

"சும்மா குடுத்தேன் மாமா. அக்கா இருந்தா குடுக்கச் சொல்லியிருக்கும்."

"பாருங்க மேடம், வெளியிலயே சாட்சி சொல்றார்" என்றாள் மகி.

மூவரும் ஒவ்வொருவராக உள்ளே போய் வந்தோம். கண்ணாடி அறை என்பதால் பேசுவது கேட்காது, முகம் தெரியும். மகி ஒரு கையால் மேசையைத் தட்டித் தட்டிப் பேசினாள். குணசீலன் இடையில் எழுந்து நின்று, இரண்டு கைகளையும் விரித்து எதையோ காட்டினான். தோப்பின் பரப்பளவாக இருக்கும். நான் நேராக உட்கார்ந்து, சுருக்கமாகப் பேசினேன். பேசியது என்ன என்பதற்குத் திரும்பி வருகிறேன்.

பெனாசிர் முடிவைப் பார்த்துவிட்டுத் தொண்டையைச் செருமினார். "சட்டப்படி சாட்சிகளோட சுருக்கத்தைப் படிச்சுக் காட்டணும். யாரும் தப்பா எடுத்துக்கக் கூடாது."

"படிங்க" என்றேன்.

"முதல் சாட்சி, மகள். இவங்க சொன்னதுல அம்மா 'மகி வீடு'ங்கற வார்த்தையை இருபது நிமிஷத்துல முப்பத்தி நாலு தடவை சொல்லியிருக்காங்க. இயந்திரத்தோட குறிப்பு: இயல்புக்கு மாறாக உள்ளது."

மகி தன் செருப்பைப் பார்த்தாள்.

"ரெண்டாவது, தம்பி. கரூர் காத்து மாதிரி உலகத்துலயே கிடையாதுன்னு அம்மா அடிக்கடி சொல்லுவாங்கன்னு இருக்கு. குறிப்பு: பழைய வீடியோ ஒன்றில் கரூரைப் பற்றி அவர், வெயிலில் மண்டை பிளக்கிறது என்று கூறியுள்ளார்."

"அது சித்திரை மாசம் சொன்னது" என்றான் குணசீலன்.

"மூணாவது, கணவர். மனைவி ஒருநாள் தன் கையைப் பிடிச்சுக்கிட்டு, 'இந்த வீட்டை விட்டு நீங்க எங்கயும் போகக் கூடாது'ன்னு சொன்னதா இருக்கு. குறிப்பு: குரலில் தயக்கம். கதை போன்ற அமைப்பு."

மகி இப்போது என்னைப் பார்த்தாள். நான் குணசீலனின் பையிலிருந்து ஒரு கொய்யாவை எடுத்துத் துடைத்தேன்.

மொத்தத்தில் 'மகி வீட்டுல' இருபத்து நான்கு, 'நம்ம வீட்டுலயே' இருபத்து நான்கு, 'குணாகிட்ட' இருபத்து மூன்று. 'சும்மா' இருபத்தொன்பதோடு இன்னும் முன்னிலையில் இருந்தது.

"மூணு பேரும் பேசி ஒண்ணுக்கு ஒத்துக்கிட்டா படிவத்துல எழுதிடலாம்" என்றார் பெனாசிர். "மெஷின் சொல்றதுதான் எழுதணும்னு இல்ல."

"அப்படின்னா எங்கம்மா என்ன சொன்னாங்கங்கறதை நாங்க மூணு பேரும் கூடிப் பேசி முடிவு பண்ணணுமா?" என்றாள் மகி.

"எல்லா வீட்டுலயும் அப்படித்தாம்மா நடக்குது."

ஒரு மணி நேரம் பேசினோம். ஒத்துக்கொள்ளவில்லை. மகி ஒரு கட்டத்தில், "நீங்க அந்தப் பச்சைப் பட்டனை அழுத்தாம இருந்திருந்தா இந்த வாத்து கிட்ட எல்லாம் நாம நிக்க வேண்டியதில்ல" என்றாள். அவள் இன்னும் நம்பவில்லை என்பது அதில் தெரிந்தது. டீ வந்தது. யாரும் குடிக்கவில்லை.

அந்த நேரத்தில் பெனாசிர் தன் திரையைப் பார்த்து, "சார், ஒரு நிமிஷம்" என்றார். "டிஸ்க்கை முழுசாத் தோண்ட விட்டிருந்தேன். இதே பேர்ல இன்னும் ஆறு பைல் இருக்கு."

"அவ ஒண்ணுதானே வெச்சிருந்தா?"

"இது நீங்க அழிச்சது இல்ல சார். ஃபார்மட்டுக்கு முன்னாடியே, பதினாலு மாசம் முன்னாடி அழிச்சது. ஒரே காலைல, ஒண்ணு பின்னால ஒண்ணு. தோண்டும்போது எது யார் அழிச்சதுன்னு பார்க்காது, எல்லாத்தையும் மேல கொண்டுவந்துடும். இதுல கொலு எதுவும் விழல. வாத்தே இல்ல." கொஞ்சம் தயங்கினார். "அம்மாவே அழிச்சதுங்க. கேக்கணுமா?"

கேட்டிருக்கக் கூடாது என்று இப்போது நினைக்கிறேன். அப்போது மூன்று பேரும் ஒரே குரலில், "போடுங்க" என்றோம். அன்று நாங்கள் ஒத்துப்போனது அந்த ஒன்றில்தான்.

முதலாவது: "வணக்கம். நான் சுகந்தி பேசுகிறேன்." சிறிது அமைதி. "சே. யாருக்கு வணக்கம் வெக்கிறேன்." முடிந்தது.

இரண்டாவது: "ஏங்க, நான் வரலைன்னா நீங்க மகி வீட்டுல இருங்க." மகி என் கையைப் பிடித்தாள். "ஆனா அவ காபியை அரை டம்ளர்தான் ஊத்துவா. கேட்டா உடம்புக்கு நல்லதில்லம்பா. மாப்பிள்ளை வேற காலைல அஞ்சு மணிக்கு யோகா பண்ணச் சொல்லுவார். ஐயோ பாவம் நீங்க." முடிந்தது. மகி கையை எடுத்துக்கொண்டாள்.

மூன்றாவது: "நம்ம வீட்டுலயே இருங்க. உங்களுக்கு இடம் மாறினா தூக்கம் வராது. கேஸை மட்டும் மறக்காம… அதை எங்க அணைக்கப் போறீங்க நீங்க. வேணாம், வேணாம்."

நான்காவது: "பேசாம குணாகிட்டப் போய் இருங்க." அதன் பிறகு அவள் சிரிக்க ஆரம்பித்தாள். சிரிப்பு நிற்கவேயில்லை. இரண்டு நிமிடம் பதினொரு விநாடி சிரித்திருக்கிறாள். நடுவில் ஒரு தடவை "கொய்யா" என்று சொல்லப் பார்த்து, முடியாமல் மறுபடியும் சிரிக்கிறாள்.

"இதுல சிரிக்க என்ன இருக்கு?" என்றான் குணசீலன். ஆனால் அவன் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. அந்தச் சிரிப்பை நாங்கள் பதினான்கு மாதமாகக் கேட்கவில்லை. மகி அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை. மேசையில் தலையைக் கவிழ்த்திருந்தாள், தோள் மட்டும் குலுங்கியது. அக்காவின் சிரிப்பு முடிந்ததும் குணசீலன், "இன்னொரு தடவை போடுங்க" என்றான்.

ஐந்தாவதில் வெகுநேரம் மூச்சு மட்டும் கேட்டது. பிறகு ஒரு நர்ஸின் குரல்: "யார்கிட்டம்மா பேசறீங்க?" சுகந்தி சொன்னாள்: "எங்க வீட்டுக்காரர்கிட்ட. அவர் ஃபார்ம்ல கையெழுத்துப் போடக் கீழ போயிருக்கார். அவர் வர்றதுக்குள்ள சொல்லிடணும்."

ஆறாவது ஒன்பது நிமிடம். பீரோ சாவி, மோட்டார் ரிப்பேர்காரர் நம்பர், மழைக்காலத்தில் எந்த ஜன்னல் சரியாக மூடாது, எந்த மாத்திரையை உடைத்துச் சாப்பிடக் கூடாது. எங்கே இருக்க வேண்டும் என்பது மட்டும் அதில் இல்லை. முடிவில், "இதை எல்லாம் கேட்டுக்கிட்டு உக்காந்திருப்பாரா அந்த மனுஷன், தூங்கிடுவார்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

அந்த ஜன்னல் ஒரு மழைக்காலம் முழுக்க ஒழுகிய பிறகுதான் எனக்குத் தெரிந்திருந்தது.

"ஏழாவது, அதான் வாத்து கத்தினது, அதோட வால் துண்டும் தனியாக் கிடைச்சிருக்கு சார்" என்றார் பெனாசிர். "நிம்மதிக்கு அப்புறம் வர்றது. அசல்தான், வாத்து இல்ல." அவரே முதலில் காதில் வைத்துக் கேட்டார். கேட்டுவிட்டு எங்களுக்குப் போட்டார்.

"…அதான் எனக்கு நிம்மதி." நாற்காலியோ கட்டிலோ கிறீச்சிடுகிறது. "ப்ச். இதுவும் சரியில்ல. வேற மாதிரி சொல்லணும்."

நர்ஸ்: "அம்மா, ஸ்ட்ரெச்சர் வந்துடுச்சு."

"ஒரு நிமிஷம் சிஸ்டர், இதை அழிச்சிட்டு வரேன்."

"வந்து அழிச்சுக்கலாம்மா. டாக்டர் காத்துக்கிட்டிருக்கார்."

"சரி, வந்து அழிச்சுக்கறேன்."

அவ்வளவுதான். பதினான்கு மாதம் நான் பூட்டி வைத்திருந்த, சந்தனம் பூசிய, மூன்று பேர் பொய்ச் சாட்சி சொன்ன அவளுடைய கடைசிச் சொல், அவள் அழிப்பதற்கு நேரம் கிடைக்காமல் போன ஒன்று.

கீழே பேருந்து நிலையத்தில் கண்டக்டர் ஒருவர் துறையூர், துறையூர் என்று கூவிக்கொண்டிருந்தார்.

"நான் முப்பத்தி நாலு தடவை பொய் சொன்னேம்பா" என்றாள் மகி.

"நான் ஒண்ணுதான் சொன்னேன். ஆனா கையைப் பிடிச்சதாச் சொன்னேன். அவ அப்படியெல்லாம் பிடிக்கற ஆளா?"

"பிடிக்க மாட்டாங்க" என்றாள் அவள். பிறகு, "பட்டனை நீங்க தெரியாமத்தான் அழுத்தினீங்க. இப்பத் தெரியுது. தெரிஞ்சு அழிக்கறவங்க அம்மா மாதிரி ஆறு தடவை அழிப்பாங்க. நீங்க என்னன்னே பார்க்கல" என்றாள்.

பெனாசிர் மேசை இழுப்பறையிலிருந்து வேறொரு படிவத்தை எடுத்தார். எப்போதையும்விட மெதுவாகப் பேசினார். "சார், இதைக் கேக்கறதுக்கு எனக்குக் கஷ்டமா இருக்கு. ஆனா விதி இருக்கு. வாத்து இல்லாத குரல்ல ஒருத்தர் 'இதை அழிக்கணும்'னு சொல்லியிருந்தா, வெச்சுக்கறதா அழிக்கறதான்னு குடும்பத்துகிட்ட எழுதி வாங்கணும். எல்லாரும் வெச்சுக்கறோம்னுதான் எழுதுவாங்க. அதுல தப்பில்ல."

"வெச்சுக்கலாம் மாமா" என்றான் குணசீலன் உடனே. "அந்தச் சிரிப்பு ஒண்ணாவது."

மகி என்னைப் பார்த்தாள்.

நான் யோசித்தேன். அவள் அதில் என்ன சொல்லியிருக்கிறாளோ அதன்படி செய்கிறேன் என்று ஒரு வருடமாகச் சொல்லிவந்தவன் நான். எங்கே இருக்க வேண்டும் என்று அவள் சொல்லவில்லை. சொல்லத் தெரியாமல்தான் ஏழு தடவை முயன்றிருக்கிறாள். அவள் நிச்சயமாகச் சொன்னது, எந்தப் பறவையும் குறுக்கிடாமல் சொன்னது, ஒன்றே ஒன்றுதான்.

"அவ சிரிச்சது எத்தனையோ வீடியோல இருக்கு குணா. மகி கல்யாணத்துல இருக்கு, உன் தோப்புல அந்த ஆடு துரத்தினப்ப இருக்கு. அதெல்லாம் நமக்கு. இது அவ நமக்குக் குடுக்கலை."

"கேட்டுட்டோமே அப்பா."

"கேட்டுட்டோம். அதுக்கு என்ன பண்றது."

மகி முதலில் கையெழுத்துப் போட்டாள். குணசீலன் பேனாவை வெகுநேரம் பிடித்திருந்தான், பிறகு போட்டான். ஏழு கோப்புகளையும் பெனாசிர் திரையில் வரிசையாகக் காட்டினார். "நான் அழுத்தட்டுமா, நீங்க அழுத்தறீங்களா?" என்று கேட்டார். நான்தான் அழுத்தினேன். மேலே எதையும் ஏற்றாமலே, அந்தக் கோப்புகளை மட்டும் மீட்க முடியாதபடி அழிப்பதற்கு அவரிடம் வேறு இயந்திரம் இருந்தது. அது முக்கால் மணி நேரம் எடுத்துக்கொண்டது. அந்த நேரத்தில் ஆறிப்போன டீயைக் குடித்து, குணசீலனின் கொய்யாவையும் சாப்பிட்டோம். நல்ல கொய்யா.

ஆகவே, மேலே அவள் பேசியதாக எழுதியிருப்பதெல்லாம் நினைவிலிருந்து எழுதியது. ஒரே ஒரு தடவை கேட்டதை வைத்து எழுதுகிறேன், சிரிப்பை மட்டும் இரண்டு தடவை. சில சொற்கள் என்னுடையதாக இருக்கலாம். மகியிடம் காட்டினேன். இரண்டு இடத்தில் திருத்தம் சொன்னாள். அவள் சொன்னதும் எனக்குச் சரியாகப் படவில்லை. அப்படியே விட்டுவிட்டேன்.

படியிறங்கும்போது மகி, "இப்ப என்னப்பா பண்ணப் போறீங்க?" என்று கேட்டாள்.

"ரெண்டு நாள் டைம் குடு."

"ரெண்டு நாள்ல யாரைக் கேக்கப் போறீங்க?"

அவளை ஓசூர் பேருந்தில் ஏற்றிவிட்டு வந்தேன்.

மூன்றாம் நாள் காலை அவளைப் போனில் கூப்பிட்டேன். அங்கே மணி அடிக்க ஆரம்பித்ததும் வைத்துவிட்டேன். வருகிறேன் என்று சொல்லலாமா, நீ வந்து போ என்று சொல்லலாமா, பொங்கலுக்குப் பிறகு பார்க்கலாம் என்று சொல்லலாமா என்று தெரியவில்லை. காபி போட்டுக் குடித்துவிட்டு மறுபடியும் கூப்பிட்டேன். மறுபடியும் வைத்தேன். இன்னும் இரண்டு தடவை இப்படி ஆனது. அதன் பிறகு அவளே கூப்பிட்டாள்.

"அப்பா, நாலு மிஸ்டு கால் இருக்கு. எதாவது அவசரமா?"

"அதெல்லாம் இல்லம்மா."

"பின்ன?"

"அடுத்த வாரம் வரேன். எத்தனை நாளுன்னு கேக்காதே."

"கேக்கலப்பா" என்றாள்.

இதை ஓசூரில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்கிறேன். ஐந்து மாதம் ஆகிறது. அவள் இன்னும் கேட்கவில்லை.